பென்டிரைவில் போவதைச் சோதியுங்கள்: ஸ்கேன்கோட் டூல்கிட், ஒரு மதிப்புரை

இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் தேயிலைத் தோட்டக் காரியாலயங்களுக்கும் கொழுந்து வாங்குபவர்களுக்கும் செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவேடு), நிறுவைக் கணக்கு, சம்பளச் சீட்டு என்று மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறு குழுக்களை மனதில் வைத்து இந்த மதிப்புரை. அப்படி ஒரு மென்பொருளில் முழுவதும் சொந்தக் கோட் என்று எவரும் சொல்ல முடியாது. தமிழ் எழுத்துரு ஒருவருடையது, சன்னலும் பொத்தானும் வரையும் நூலகம் இன்னொருவருடையது, தரவுத்தளம் வேறொருவருடையது. பெரும்பாலானவற்றின் மேல் ஒரு பதிப்புரிமை இருக்கிறது, அதற்கு நிபந்தனையும் இருக்கிறது. அவற்றைத் தேடிப் பட்டியல் போட்டுத் தரும் இலவசக் கருவிகளில் முன்னால் நிற்பது ஸ்கேன்கோட் டூல்கிட். அதற்குத் துணையாக லைசன்ஸ்செக், ரியூஸ் என்ற இரண்டையும் ஓட்டிப் பார்த்திருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்கேன்கோட் நல்ல கருவி. ஆனால் அதைப் பாவிப்பவர்களில் பலர் தவறான கோப்புறையின் மேல் ஓட்டிவிட்டு, அறிக்கை சுத்தமாக வந்தது என்று சந்தோஷப்படுகிறார்கள்.

ஸ்கேன்கோட்டின் நிரல் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வருகிறது. உரிமங்களை அடையாளம் காண அது வைத்திருக்கும் தரவு கிரியேட்டிவ் கொமன்ஸ் பிவை 4.0. காசு எதுவும் இல்லை. பைத்தனில் புதிதாக ஒரு மெய்நிகர் சூழல் (பொதிகளை மற்றவற்றோடு கலக்காமல் நிறுவும் தனிக் கோப்புறை) திறந்து, பைத்தனின் நிறுவும் கருவியான பிப் மூலம் நிறுவுவதுதான் நேரான வழி. எந்தப் பைத்தன் பதிப்புகளுக்கு ஆதரவு உண்டு என்று அதன் ஆவணத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மெத்தப் புதிய பைத்தனில் வைத்தால் சார்புப் பொதி (அது நம்பியிருக்கும் பிற நூலகம்) ஏதாவது ஒன்று இடையில் மக்கர் பண்ணும். இயங்குதளத்துக்கென்றே தொகுக்கப்பட்ட சார்புகள் தொல்லை கொடுத்தால் அவை இல்லாத ‘மினி’ பொதியும் உண்டு. இறக்கவேண்டிய சார்புகள் நிறைய. கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட்டை நம்பியிருப்பவர்கள் இரவு டேட்டாவில் இறக்கிக்கொள்வது நல்லது. நிறுவியபின் சோதனைக்கு இணையம் தேவையில்லை. மழைக்காலத்தில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது என்பது நம் பக்கத்துக்குப் பெரிய வசதி. கோட் எதுவும் வெளியே போவதுமில்லை.

ஓட்டும்போது மூன்று தெரிவுகளைச் சேர்த்தே கொடுங்கள்: லைசன்ஸ், கொப்பிரைட், பெக்கேஜ். முதல் தெரிவு கோப்புகளுக்குள் உரிம வாசகத்தைத் தேடும். இரண்டாவது உரிமையாளர் பெயர் வரிகளைப் பொறுக்கும். மூன்றாவது பொதியின் விவரக் கோப்பைப் படித்து, ‘நான் இன்ன உரிமம்’ என்று பொதி தன்னைப் பற்றிச் சொல்வதை எடுக்கும். இவை ஒன்றோடொன்று முரண்படும் இடங்களில்தான் வேலை இருக்கிறது. அதனால் ஒன்றை மட்டும் ஓட்டிப் பயனில்லை. வெளியீட்டை ஜேசன் கோப்பாக எடுத்து, ஸ்கேன்கோட் வேர்க்பெஞ்ச் என்ற துணைச் செயலியில் திறந்து பாருங்கள். எச்டிஎம்எல் வெளியீடு சில நூறு கோப்புகளுக்குச் சரி, அதற்கு மேல் போனால் உலாவி திணறும்.

முதல் தடவை ஓட்டும்போது உரிமச் சுட்டியை (ஒப்பிட்டுப் பார்க்கும் உரிம வாசகங்களின் அட்டவணை) தயார் செய்ய நேரம் எடுக்கும். கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். 4 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் ஒரே நேரத்தில் ஒரு வேலைக்கு மேல் ஓடவிடாதீர்கள். 8 ஜிபி இருந்தால் இரண்டு, மூன்று தாங்கும். ஒரு கோப்புக்கு 120 செக்கன் என்பது இயல்பான காலவரை. ஒரே வரியில் நெருக்கி அடைத்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் இந்த வரையில் மாட்டும். அப்படி மாட்டிய கோப்புக்கு அறிக்கையில் உரிமம் எதுவும் இருக்காது, பிழைப் பட்டியலில் மட்டும் ஒரு வரி இருக்கும். அந்தப் பட்டியலைப் பார்க்காமல் விட்டால் ‘உரிமம் இல்லை’ என்பதும் ‘படிக்கவே இல்லை’ என்பதும் ஒன்றாகத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சோதனைக்கு எடுத்தது வழக்கமான அமைப்பு: பைத்தனில் எழுதிய செக்ரோல் செயலி, திரைக்குப் பைகியூடி 5, சம்பளச் சீட்டைத் திரையில் காட்டப் பைமியூபிடிஎஃப், தரவுக்கு எஸ்கியூலைட், தமிழுக்கும் சிங்களத்துக்கும் நோட்டோ எழுத்துருக்கள், கூடவே யாரோ சேர்த்துவிட்ட லதா எழுத்துரு. எல்லாவற்றையும் பைஇன்ஸ்டோலரால் ஒற்றை இயக்கக் கோப்பாகக் கட்டி, பென்டிரைவில் காரியாலயத்துக்குக் கொடுப்பது.

மூலக்கோட் கோப்புறையின் மேல் ஸ்கேன்கோட்டை ஓட்டினால் வருவது: எம்ஐடி (குறிப்பைக் கூட வைத்தால் போதும் என்னும் இளகிய உரிமம்), இரண்டு எழுத்துருக்களுக்கு ஓஎஃப்எல் (எழுத்துருக்களுக்கான திறந்த உரிமம்), வேறெதுவுமில்லை. கூடையின் மேலே கிடக்கும் இரண்டிலையும் ஒரு மொட்டையும் பார்த்துவிட்டு, உள்ளே முற்றிய இலை இல்லை என்று எழுதிக்கொடுப்பது போன்ற அறிக்கை இது. காரணம் எளிது. பைகியூடியும் பைமியூபிடிஎஃபும் அந்தக் கோப்புறையில் இல்லை. அவை மெய்நிகர் சூழலுக்குள் நிறுவப்பட்டிருக்கின்றன. மூலத்தில் இருப்பது ‘இம்போர்ட்’ என்ற ஒரு வரி மட்டும்.

மெய்நிகர் சூழலின் பொதிக் கோப்புறையின் மேல் ஓட்டினால் கதையே வேறு. பைகியூடி 5 தன் விவரக் கோப்பில் ஜிபிஎல் 3 என்று சொல்கிறது, அதாவது செயலியைக் கொடுத்தால் மூலக்கோட்டையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். அந்த நிபந்தனை வேண்டாமென்றால் வணிக உரிமம் வாங்க வேண்டும். பைமியூபிடிஎஃப் ஏஜிபிஎல் 3 (இணையம் வழி பாவிப்பவருக்கும் மூலம் தரச் சொல்லும் ஜிபிஎல் வகை), அதற்கும் வணிக உரிமம் தனியாக விற்கப்படுகிறது. பைஇன்ஸ்டோலரும் ஜிபிஎல்தான். ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது, அதனால் கட்டிய செயலிக்கு ஜிபிஎல் தொற்றாது. ஸ்கேன்கோட் அந்த விதிவிலக்கையும் அடையாளம் காட்டுகிறது. அவசரத்தில் ஜிபிஎல் என்ற மூன்றெழுத்தை மட்டும் பார்த்துப் பதறுபவர்கள் வரியை முழுக்கப் படிக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம். மெய்நிகர் சூழலில் பிப், செட்டப்டூல்ஸ் போன்ற, வாடிக்கையாளரிடம் போகாத பொதிகளும் இருக்கும். எது உண்மையில் உள்ளே கட்டப்பட்டது என்பதைப் பைஇன்ஸ்டோலரே எழுதிவைக்கிறது. அதன் ‘பில்ட்’ கோப்புறைக்குள் ‘எக்ஸ்ரெஃப்’ என்று தொடங்கும் ஒரு எச்டிஎம்எல் கோப்பு இருக்கும். அதில் உள்ள பட்டியலையும் ஸ்கேன்கோட் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போகாதவற்றைக் கழித்துவிடுங்கள். கட்டி முடித்த இயக்கக் கோப்பையே நேரடியாகச் சோதிக்கலாமா என்றால், பெரிதாக ஒன்றும் கிடைக்காது. உரிமக் கோப்புகளும் விவரக் கோப்புகளும் அங்கே போய்ச் சேர்வதில்லை.

எஸ்கியூலைட் பற்றி ஒரு சிறு இடைச்செருகல். அது பதிப்புரிமை விட்டுக்கொடுக்கப்பட்டு எல்லாருக்கும் பொதுவானது. உரிமம் இருக்கவேண்டிய தலைப்பில், கொடுப்பதைவிட அதிகம் எடுக்காதே என்று முடியும் ஒரு வாழ்த்துரை இருக்கிறது. உரிமங்களுக்குப் பொதுவான அடையாளப் பெயர் தரும் எஸ்பிடிஎக்ஸ் பட்டியலிலும் அதன் அடையாளம் ‘பிளெஸ்ஸிங்’, ஆசீர்வாதம், என்பதுதான். அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்தால் கருவி தவறிழைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம்.

அறிக்கை வாசிக்கும்போது புதியவர்கள் இடறும் இடங்கள் நாலைந்து உண்டு. ஒரு கோப்பில் வெறுமனே ‘ஜிபிஎல்’ என்று மட்டும் இருந்தால் ஸ்கேன்கோட் அதை ‘ஜிபிஎல் 1.0 அல்லது பிந்தியது’ என்று காட்டும். அது கருவியின் பிழையன்று. பதிப்பு எண் சொல்லாவிட்டால் வெளிவந்த எந்தப் பதிப்பையும் பெறுபவர் தேர்ந்துகொள்ளலாம் என்று உரிமமே சொல்கிறது. அதேபோல ‘ஜிபிஎல் 2 மட்டும்’ என்பதும் ‘2 அல்லது பிந்தியது’ என்பதும் வேறு வேறு. முதலாவதை அப்பாச்சி 2.0 கோட்டோடு ஒரே செயலியில் சேர்க்க முடியாது என்பது ஜிபிஎல்லை எழுதிய அறக்கட்டளையின் நிலைப்பாடு. இரண்டாவதில் 3ஐத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கலாம். ஒரு சொல்லில் தொங்கும் வித்தியாசம் இது.

உரிமையாளர் பட்டியலில் ‘ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன், 2007’ என்று ஒரு வரி அடிக்கடி வரும். அது ஜிபிஎல் 3 உரிம வாசகத்தின் பதிப்புரிமை. உங்கள் செயலிக்கோ, அந்த நூலகத்துக்கோ அவர்கள் உரிமையாளர் என்று பொருள் இல்லை. இதை அப்படியே கொப்பி செய்து நன்றிப் பக்கத்தில் போட்டிருப்பதைப் பல பொதிகளில் காணலாம். எம்ஐடி வாசகத்தில் ஆண்டும் பெயரும் நிரப்பாமல் மாதிரி அடைப்பையே விட்டுவைத்திருந்தால் அது வேறு சங்கதி. அங்கே உரிமம் தருபவர் யார் என்றே தெரியாது. பொதியின் ஆசிரியருக்கு எழுதித் திருத்தச் சொல்வதே வழி.

நோட் (ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி) பொதிகளில் ‘ஐஎஸ்சி’ என்ற உரிமத்தைக் கண்டால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். நோட்டின் பொதிக் கருவியான என்பிஎம்மில் புதிய பொதியைத் தொடங்கும்போது எதுவும் தட்டாமல் என்டரை மட்டும் அழுத்திக்கொண்டு போனால் உரிம இடத்தில் தானாக விழுவது ஐஎஸ்சி. பக்கத்தில் உள்ள உரிமக் கோப்பில் எம்ஐடி இருக்கும். இரண்டும் இளகிய உரிமங்கள் என்பதால் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் உரிமக் கோப்பில் இருப்பதையே கூடக் கொண்டுபோக வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைச் சேர்த்து நெருக்கும் வெப்பேக்கால் கட்டுபவர்களுக்கு இன்னொன்று. நெருக்கும்போது அது உரிமக் குறிப்புகளைப் பிரித்து, ‘லைசன்ஸ் டெக்ஸ்ட்’ என்று முடியும் தனிக் கோப்பில் போடும். சேர்வருக்கு ஏற்றும்போது அந்தக் கோப்பைத் தேவையில்லாதது என்று அழித்துவிடுகிறார்கள். எம்ஐடி கேட்பது ஒரே ஒரு காரியம்: அந்தக் குறிப்பு கூடவே போகவேண்டும். அதையும் அழித்துவிட்டால் மிச்சம் என்ன?

எழுத்துருக்கள்தான் நம் பக்கத்துச் செயலிகளில் அதிகம் கோளாறாகும் இடம். இங்கே ஸ்கேன்கோட்டை மட்டும் நம்பக்கூடாது. பக்கத்தில் உரிமக் கோப்பு இருந்தால் அது பிடிக்கும். யாரோ யாருக்கோ கொப்பி பண்ணிக் கைமாறி வந்த தனி எழுத்துருக் கோப்பில் அதை எதிர்பார்க்க முடியாது. எழுத்துருவுக்கு உள்ளேயே பெயர் அட்டவணை ஒன்று இருக்கிறது. அதில் 0ஆம் இடம் பதிப்புரிமை, 13 உரிம விளக்கம், 14 உரிம முகவரி. லினக்ஸில் ‘ஓடிஎஃப்இன்ஃபோ’ கட்டளையைத் தகவல் தெரிவுடன் ஓட்டினால் மூன்றும் வரும். விண்டோஸில் கோப்பின் மேல் வலது சொடுக்கி, பண்புகளில் விவரங்கள் தாவலைப் பாருங்கள். 13உம் 14உம் வெறுமையாக இருந்து 0இல் மட்டும் ஒரு பெயர் இருந்தால், அந்த எழுத்துருவைப் பகிர உங்களுக்கு எழுத்தில் அனுமதி எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘எல்லாரும் பாவிக்கிறார்கள்’ என்பது உரிமம் ஆகாது.

சோதனைச் செயலியில் இருந்த லதா, மைக்ரோசொஃப்ட் விண்டோஸோடு தரும் எழுத்துரு. விண்டோஸ் கணினியில் இருப்பதைச் செயலி பெயர் சொல்லி அழைக்கலாம், தவறில்லை. கோப்பை எடுத்துப் பென்டிரைவில் சேர்த்துக் கொடுப்பதுதான் கூடாது. சிங்கள இஸ்கோல பொத்தவுக்கும் இதே கதை. நோட்டோ தமிழும் நோட்டோ சிங்களமும் ஓஎஃப்எல் 1.1. தாராளமாகச் சேர்க்கலாம், விலைக்கு விற்கும் செயலியோடும் கொடுக்கலாம். எழுத்துருவைத் தனியாக விற்கக்கூடாது, உரிம வாசகம் கூட இருக்கவேண்டும், அவ்வளவுதான். அதில் அச்சிட்ட சம்பளச் சீட்டுக்கு எந்த நிபந்தனையும் இல்லை. கோப்பின் அளவைக் குறைக்கத் தேவையில்லாத எழுத்துகளை வெட்டினால் அது திருத்திய வடிவமாகக் கணக்காகும். ஓஎஃப்எல் எழுத்துரு ஏதாவதொன்று ‘ஒதுக்கிய பெயர்’ அறிவித்திருந்தால், வெட்டிய கோப்பை வேறு பெயரில்தான் கொடுக்க வேண்டும்.

லைசன்ஸ்செக் பற்றிச் சுருக்கமாக. பேர்ல் மொழியில் எழுதியது, டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் ஒரே கட்டளையில் நிறுவலாம். பழைய கணினியிலும் விறுவிறு என்று ஓடும். டெபியன் பொதி கட்டுபவர்களுக்கு, ஒவ்வொரு பொதியோடும் போகவேண்டிய ‘கொப்பிரைட்’ கோப்பின் வரைவை அதே வடிவில் தந்துவிடும். வேகத்துக்குக் காரணம், அது ஒவ்வொரு கோப்பிலும் முதல் 60 வரிகளையும் கடைசிப் பகுதியையும் மட்டும் பார்க்கிறது. நடுவில் உள்ளது தப்பிவிடும். தெரிவு ஒன்றால் வரி எண்ணிக்கையைக் கூட்டலாம். தினசரிப் பார்வைக்கு இதுவே போதும். ஆனால் வெளியிடும் நாளில் இதை மட்டும் நம்ப மாட்டோம்.

இரண்டு கருவிக்கும் பிடிபடாதது ஒன்று உண்டு. கேள்வி பதில் தளத்திலிருந்து எடுத்து ஒட்டிய இருபது வரி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் 2018 மே மாதத்துக்குப் பின் வந்தவை கிரியேட்டிவ் கொமன்ஸ் பிவை எஸ்ஏ 4.0. பெயர் குறிப்பிட வேண்டும், திருத்தியதை அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். ஒட்டும்போதே மேலே ஒரு கருத்துரையில் முகவரியை எழுதிவைத்தால் பின்னால் தேடலாம். எழுதாவிட்டால் இந்தக் கருவிகளால் கண்டுபிடிக்க முடியாது.

ரியூஸ் வேறு வகை. ஐரோப்பிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் திட்டம் இது. மற்றவர்களின் கோட்டைத் துருவுவதற்கல்ல, உங்கள் சொந்தக் கோட்டை ஒழுங்காக வைத்திருப்பதற்கு. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இரண்டு எஸ்பிடிஎக்ஸ் வரிகள், ஒன்று உரிமையாளர், மற்றது உரிமம். உரிம வாசகங்கள் எல்லாம் ஒரு கோப்புறையில். படம், எழுத்துரு போல உள்ளே எழுத முடியாதவற்றின் விவரத்தை ‘ரியூஸ் டொமல்’ என்ற தனிக் கோப்பில் எழுதலாம். ‘லின்ட்’ கட்டளை ஒரு கோப்பு விடுபட்டாலும் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும். குறை என்னவென்றால் நீங்கள் சொல்வதை அது அப்படியே நம்பும். தலைப்பு வரி சேர்க்கும் கட்டளையைக் கோப்புறை முழுவதற்கும் ஓட்டினால், உள்ளே கிடக்கும் மற்றவரின் நூலகத்தின் தலையிலும் உங்கள் பெயரைப் பதித்துவிட்டுப் ‘பாஸ்’ என்று சொல்லும். வெளியாரின் கோட்டைத் தனிக் கோப்புறையில் வைத்து, அதைத் தொடாமல் ஓட்டுங்கள்.

உங்கள் பெயரைப் போடும்முன் அது உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களைப் பாதுகாக்கிறது. எழுதியவுடனேயே பாதுகாப்பு உண்டு, பதிவு தேவையில்லை. ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் அது நீடிக்கும். சம்பளத்துக்கு வேலை செய்யும்போது அந்த வேலையின் பகுதியாக எழுதியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குப் போகும். ஆகவே பகலில் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து வேலை செய்பவர், இரவில் தோட்டத்துக்கு எழுதும் கோட்டுக்குப் பகல் கோட்டின் துண்டைக் கொண்டுவரக்கூடாது. இதை ஸ்கேன்கோட் சொல்லாது, ரியூஸும் சொல்லாது. இன்னொன்று: உரிமம் எழுதாமல் கிட்ஹப்பில் திறந்து கிடக்கும் கோட் இலவசம் அல்ல. அங்கே எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது.

சோதனைச் செயலிக்குத் தீர்வு இரண்டு. ஒன்று, அதையே ஜிபிஎல் 3இல் வெளியிடுவது. ஏஜிபிஎல் 3 பகுதியோடு சேர்ப்பதற்கு இரண்டு உரிமங்களும் இடம் தருகின்றன. மூலக்கோட்டை உலகத்துக்கே திறக்க வேண்டியதில்லை, செயலியைப் பெறும் காரியாலயத்துக்குக் கொடுத்தால் போதும். எளிய முறை, அதே பென்டிரைவில் இன்னொரு கோப்புறையாக மூலத்தையும் கட்டும் குறிப்பையும் வைப்பது. பெற்றவர் அதை வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதையும் முன்பே ஏற்றுக்கொள்ள வேண்டும். மூலத்தைக் காட்ட விருப்பமில்லாவிட்டால் இரண்டாவது வழி: பைகியூடிக்குப் பதில் எல்ஜிபிஎல் 3இல் கிடைக்கும் பைசைட் 6, பைமியூபிடிஎஃப்புக்குப் பதில் பிஎஸ்டி, அப்பாச்சி வகை இளகிய உரிமத்தில் உள்ள பைபிடிஎஃபியம். எல்ஜிபிஎல்லில், பாவிப்பவர் அந்த நூலகத்தை மட்டும் மாற்றிப் போட முடியவேண்டும். அதனால் ஒற்றை இயக்கக் கோப்பாகக் கட்டாமல் கோப்புறையாகக் கட்டுங்கள். லதாவை எடுத்துவிடுங்கள்.

வெளியே யாருக்கும் கொடுக்காமல், ஒரு தோட்டக் கம்பனி தன் காரியாலயத்துக்குள் மட்டும் எழுதிப் பாவித்தால், ஜிபிஎல்லில் மூலம் தரும் கடமை எழுவதே இல்லை. தேவையில்லாமல் பயந்து நல்ல நூலகத்தைக் கைவிடவேண்டாம்.

பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதிவையுங்கள். ஒரே மென்பொருளின் உரிமம் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம்: ரெடிஸ் என்ற தரவுத்தளம் 7.2 வரை பிஎஸ்டி. 2024 மார்ச்சில் உரிமம் மாறி, 7.4 திறந்த மூல உரிமம் என்று ஏற்கப்படாத இரண்டு உரிமங்களில் வந்தது. பழைய பிஎஸ்டி கோட்டிலிருந்து வல்கீ என்ற கிளை பிரிந்தது. 2025 மேயில் வந்த ரெடிஸ் 8இல் ஏஜிபிஎல் 3உம் ஒரு தெரிவாகச் சேர்ந்தது. போன வருட அறிக்கையில் ‘ரெடிஸ், பிஎஸ்டி’ என்று மட்டும் இருந்தால் அது எந்த ரெடிஸ் என்று இப்போது சொல்ல முடியாது. ஸ்கேன்கோட்டின் பெக்கேஜ் தெரிவு பதிப்பையும் கூடவே எழுதித் தருகிறது. பழைய ஜேசனை அழிக்காமல் வைத்திருந்து, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முன் புதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.